பிரெவே கேட்ட மருந்து

அக்காவுக்கு ஊசி போட்ட இடங்கள் வீங்க ஆரம்பித்த வருஷம் நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் முழுச் சும்மா இல்லை. காலையில் டைப்ரைட்டிங் கிளாஸ், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பீச். எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் டிகிரி முடித்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேலை இருக்கும்? வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு பொறுப்புதான். அக்காவின் சிறுநீரைச் சோதிப்பது.

சிரிக்க வேண்டாம். அப்போது சர்க்கரை பார்க்க வேறு வழி கிடையாது. டெஸ்ட் டியூபில் பெனடிக்ட் கரைசல் கொஞ்சம், அதில் எட்டுச் சொட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை வந்தால் பரவாயில்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிப்போய் செங்கல் நிறத்தில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டோம்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே சர்க்கரை. மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை. காலையில் ஒரு இன்சுலின் ஊசி, சாயங்காலம் ஒன்று. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து அம்மா போட்டுவிடுவாள். அப்படியே பள்ளிக்கூடம் முடித்து, டீச்சர் டிரெய்னிங் முடித்து, திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். தருமபுரத்து பஸ் ஸ்டாப்பில் காலை எட்டரை மணிக்கு அவளைப் பார்த்து கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

அந்த இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது. பத்து வருஷத்துக்கு மேல் பேசாமல் வாங்கிக்கொண்ட உடம்பு திடீரென்று அதோடு சண்டைக்குப் போனது. ஊசி போட்ட அரை மணியில் அந்த இடம் தடித்துச் சிவந்து அரிக்கும். சில இடங்களில் கட்டி, சில இடங்களில் தசை கரைந்து பள்ளம். எவ்வளவு மருந்து போட்டாலும் என் டெஸ்ட் டியூபில் செங்கல்தான். டாக்டர் பன்றியிலிருந்து எடுக்கிற இன்சுலினுக்கு மாற்றினார். இரண்டு மாசம் நன்றாக இருந்தது. அப்புறம் அதற்கும் அதே கதி.

எங்கள் டாக்டர் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். பேச்சைச் சுற்றி வளைக்கமாட்டார். இப்படியே போனால் முதலில் கண் போகும், போன கண்ணைத் திருப்ப முடியாது என்று அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் மனித இன்சுலினையே ஒரு கிருமியை வைத்துச் செய்கிறார்களாம், அது ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது என்றார். அப்பா உடனே அதை எழுதிக் கொடுங்கள் என்று பேப்பரை நீட்டினார்.

"எழுதித் தரலாங்க. எந்தக் கடையில குடுப்பீங்க? ஒரே ஒரு கம்பெனிதான் செய்யறான். பேட்டன்ட் வாங்கி வச்சிருக்கான். நம்ம ஊர்ல விக்கறதுக்கு அவனுக்கு இன்னும் மனசு வரல."

இந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுந்தேன். காலேஜில் கடைசி வருஷம் கெமிஸ்ட்ரி அசோசியேஷனில் பேட்டன்ட் சட்டத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். நம் நாட்டுச் சட்டப்படி மருந்துக்கு பேட்டன்ட் கிடையாது, செய்முறைக்குத்தான், அதுவும் சில வருஷங்களுக்குத்தான். அதே மருந்தை வேறு வழியில் செய்தால் யாரும் கேட்க முடியாது. வெளிநாட்டு மாத்திரையை எல்லாம் பம்பாயில் இப்படித்தான் செய்து தள்ளுகிறார்கள். இதையும் செய்யச் சொன்னால் போச்சு. இதை டாக்டருக்கே விளக்கினேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா மட்டும் சொன்னாள்: "பம்பாய்க்காரன் உன் டிபன் பாக்ஸப் பாத்தா உடனே மெஷின ஓடவிட்டுருவான்டா."

ஆனாலும் எழுதினேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் பம்பாயில் ஒரு மருந்து கம்பெனிக்கு இங்கிலீஷில் மூன்று பக்கம் அடித்தேன். சட்டத்தின் பிரிவு எண்களைக்கூடப் போட்டேன். நம்பமாட்டீர்கள், பதில் வந்தது. மரியாதையான பதில். மாத்திரை என்றால் அது என்ன பொருள் என்று தெரிந்தால் வேறு பாதையில் செய்துவிடலாம், நாங்கள் செய்கிறோம். இது உயிருள்ள ஒன்று செய்து கொடுக்கிற பொருள். அந்த உயிரி எங்களிடம் இல்லை. நாங்களாகவே ஒன்றை வளர்த்தாலும் அது செய்கிற மருந்தும் அவர்கள் மருந்தும் ஒன்றுதான் என்று மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி நிரூபிக்கப் பல வருஷம் ஆகும். தங்கள் சகோதரி நலம்பெற வாழ்த்துகள்.

கடைசி வரியைத்தான் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

அடுத்த வழி எதிர்வீட்டில் இருந்தது. எதிர்வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். நம் தமிழ்க் கிறிஸ்தவர்தான். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரைக்கும் போய்விட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். மனைவி இறந்து வெகுநாள் ஆயிற்று. மகன் பாரீஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் ஃபிரிட்ஜ் உண்டு. அதனால் அக்காவின் இன்சுலின் வருஷக்கணக்காக அங்கேதான் குடியிருந்தது. காலையும் சாயங்காலமும் போய் எடுத்து வருவதும் திரும்ப வைப்பதும் நான்தான்.

முசேவுக்கு அக்கா என்றால் உயிர். டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சொன்னதும் மகனுக்கு அன்றைக்கே கடிதம் போட்டார். மூன்று வாரத்தில் பிரெஞ்சில் பதில் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரே படித்துச் சொன்னார். மருந்துக்கடைக்காரரை மகன் விசாரித்திருக்கிறான். மருந்து இருப்பது உண்மைதான். ஆனால் சிக்கல் இருக்கிறது.

"பிரெவே இருக்காம். பிரெவே இல்லாதவங்க அந்த மருந்துல கைவைக்கக் கூடாதாம்."

பிரெவே என்றால் காரைக்காலில் யாரையும் கேட்கலாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற பரீட்சை. அது பாஸ் பண்ணினவர்கள் அந்தக் காலத்தில் ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பட்டாளத்திலும் லாரி ஓட்டினால் ஒரு பிரெவே, வயர்லெஸ் தெரிந்தால் ஒரு பிரெவே. முசேவின் வாழ்க்கையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு ஆள் கையில் இருக்கிற சர்ட்டிபிகேட்.

அதனால் அவர் தெளிவாக விளக்கினார். புது மருந்து, ஆபத்தான மருந்து. சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவன் வீட்டுக்குக் கொடுத்தால் ஆளைக் கொன்றுவிடும். வீட்டில் பிரெவே பாஸ் பண்ணின ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா தலையை ஆட்டினார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. உயிரோடு இருக்கிறேன் என்பதற்கே வருஷா வருஷம் முசேவிடம் பேப்பர் கேட்கிற அரசாங்கம். மருந்துக்கு பேப்பர் கேட்காதா?

"டிகிரி சர்ட்டிபிகேட் ஆகாதா?" என்று கேட்டேன்.

"உன்னோடது இங்கிலீஷ்ல இருக்கும் தம்பி. அவங்க சீந்தமாட்டாங்க."

அடுத்த நாள் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரிலிருந்து அவருடைய பிரெவே இறங்கியது. ஏசு படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவில் நாற்பது வருஷமாகத் தொங்கியது. ஆணியை எடுத்துப் பின்பலகையைப் பிரித்து வெளியே எடுத்தபோது ஓரமெல்லாம் பழுப்பு. நகல் எடுத்து அனுப்பலாமே என்று அக்கா சொன்னாள். நகலை அவர்கள் மதிக்கமாட்டார்கள் என்றார் முசே. நான்தான் அட்டை வைத்துக் கட்டினேன். முசே பிரெஞ்சில் எழுதித் தந்ததைப் பார்த்து நான்தான் கவரிங் லெட்டர் அடித்தேன். இந்தச் சான்றிதழின் உரிமையாளர் நோயாளியின் மருந்துக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறார் என்று. ரிஜிஸ்தர் ஏர்மெயிலில் போனது.

அப்புறம் காத்திருந்தோம். ஐந்து வாரம். அதில் ஒரு நாளைக்கூட என்னால் மறக்க முடியவில்லை. அக்கா லீவு போட்டுவிட்டாள். கையில் இடம் இல்லை, தொடையில் இடம் இல்லை, வயிற்றில் போட ஆரம்பித்தார்கள். அரிப்புத் தாங்காமல் ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அம்மா காலையில் சொல்வாள். பேப்பர் படிக்கும்போது அக்கா அதைக் கண்ணிலிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்தாள். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். நான் மட்டும் தினமும் டெஸ்ட் டியூபைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நிறம் தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? தெரிந்துகொள்வதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை.

போஸ்ட்மேன் பெரிய கவரோடு எதிர்வீட்டில் நின்றபோது நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மருந்துக்கான பேப்பர் என்று நினைத்தேன். உள்ளே பிரெவே திரும்பி வந்திருந்தது, நான் வைத்த அதே அட்டையோடு. கூடவே மகனின் கடிதம். முசே மனசுக்குள்ளேயே படித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதைக்கூட மறந்துவிட்டார்.

"என்ன முசே?"

"மருந்துக்குத்தான் பிரெவேயாம். நமக்கில்லையாம்."

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ஒருவன் புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அதை வேறு யாரும் செய்யக் கூடாது என்று அரசாங்கம் ஒரு சர்ட்டிபிகேட் கொடுக்கும். அதற்கும் பிரெவே என்றுதான் பெயராம். அந்த கம்பெனியிடம் அது இருக்கிறது. மற்ற கம்பெனி எதுவும் அந்த மருந்தில் கைவைக்கக் கூடாது. மகன் எழுதியது அவ்வளவுதான்.

பேட்டன்ட். இருபது நிமிஷம் மேடையில் நின்று நான் பேசிய பேட்டன்ட். வார்த்தை தெரிந்த மனுஷனும் விஷயம் தெரிந்த நானும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரு பரீட்சை சர்ட்டிபிகேட்டைப் பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறோம். தெருக்கோடியில் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் இருந்தார். போய்க் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து வாரம் போய்விட்டது.

முசே எங்கள் வீட்டுக்கு வந்து அக்கா முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"டீச்சரம்மா, நான் படிச்ச படிப்பு இவ்ளோதான்."

"அட உக்காருங்க முசே," என்றாள் அக்கா. "உங்க சர்ட்டிபிகேட்டாவது பத்திரமா வந்துச்சே. இவன் அனுப்பிச்சதுக்கு வாழ்த்துதான் வந்துச்சு."

ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது. மகன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, துணி வண்டி தள்ளுகிறவன் ஒரு பரீட்சை சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு மருந்து கேட்கிற கதையைக் கேட்டு முதலில் சிரித்திருக்கிறாள், அப்புறம் இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறாள். இதற்கு மேல் கேட்காதே, என் வேலை போய்விடும் என்ற நிபந்தனையோடு. கோவில்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு பாரீஸிலிருந்து வந்த பெண் அதைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றின ஃபிளாஸ்க்கில் மடியில் வைத்துக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தாள்.

இரண்டு பாட்டில். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. டாக்டர் முதல் ஊசியைக் கிளினிக்கிலேயே போட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். ஒன்றும் ஆகவில்லை. கொசு கடித்த அளவுகூட இல்லை. அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அப்பா பார்க்கப் பயந்துகொண்டு வாசலில் நின்றார்.

நாலாம் நாள் ஆரஞ்சு. ஏழாம் நாள் பச்சை. மருந்தின் அளவைக்கூடக் குறைத்தார் டாக்டர். பழைய கட்டிகள் வற்றின. பத்தாம் நாள் அக்கா மறுபடியும் எட்டரை மணி பஸ்ஸில் ஏறினாள். அம்மா சாமிக்கு மாவிளக்கு போட்டாள். அப்பா டெல்லிக்கு இறக்குமதி லைசென்சுக்கு எழுதினார். தயாரிக்கிற கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கி வா என்று டெல்லி சொன்னது. தனி ஆட்களுக்கு நாங்கள் விற்பதில்லை என்று கம்பெனி சொன்னது. இரண்டு பதிலும் வருவதற்குள் இரண்டாவது பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

நான் செய்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் பாட்டிலின் அடியில் நாலு ஊசிக்கான மருந்து இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று சொல்லி இரண்டாவதை எடுத்துவந்தேன். ஃபிரிட்ஜுக்குப் போய்வருவது நான்தானே, யார் பார்ப்பார்கள்? மிச்சத்தை முசேவின் வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். பம்பாய்க்காரர்கள் அந்த உயிரி இல்லை என்றுதானே சொன்னார்கள்? மருந்தையே கொடுத்தால் அதிலிருந்து பிடித்து வளர்க்கட்டும். சாம்பிள் தயார் என்று ஒரு பக்கம் அடித்தும் வைத்துவிட்டேன். எப்படிப் பேக் பண்ணுவது என்று கேட்கத்தான் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"பால்ல மாடு இருக்குமா தம்பி?"

அடித்துவைத்த பக்கத்தை அவர் மேஜையில் வைத்தேன்.

"ஒரு செம்புப் பாலக் குடுத்து மாட்டச் செய்யின்னா எவன் செய்வான்? பால்ல என்ன இருக்குன்னு சொல்லலாம். மாடு அவன் தொழுவத்துல இருக்கு. நீ இன்னொரு மாடு புடிச்சிட்டு வந்தாலும், அது கறக்கறதும் இது கறக்கறதும் ஒண்ணுன்னு எவனும் வாய்வார்த்தைய நம்பமாட்டான். போ, போயி அந்த மிச்சத்த அவங்களுக்குப் போடு."

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எத்தன ஊசிக்கு வரும்?"

"நாலு."

"ரெண்டு நாளு." ஒரு நோட்டை மூடி அடுத்ததை எடுத்தாள். "நான் போட்டுக்கவா? இல்ல நீ காப்பியடிச்சு முடிக்கிறவரைக்கும் இருக்கட்டுமா?"

"போட்டுக்கக்கா."

"சரி," என்றாள். அம்மாவிடம் சொல்லவில்லை. தேடிப்பார்த்ததில் இன்னும் கொஞ்சம் இருந்தது என்று நாங்கள் சொன்னோம். அம்மா அதையும் சாமி கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

நாலாவது ஊசி புதன்கிழமை சாயங்காலம் முடிந்தது. முசே மகனுக்கு இன்னும் இரண்டு கடிதம் போட்டிருந்தார். பதில் வந்தது. அந்த டாக்டரம்மா வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாளாம். இங்கே எங்கள் டாக்டர் மறுபடியும் பன்றி இன்சுலினையே எழுதினார், அரிப்புக்கு ஒரு மாத்திரையும் சேர்த்து. ஒத்துக்கொள்ளாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஊசி இல்லாமல் அக்காவால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. உடம்பு விஷம் மாதிரி எதிர்க்கிற மருந்தாக இருந்தாலும் அதை உள்ளே அனுப்பித்தான் ஆகவேண்டும்.

வியாழக்கிழமை காலை அம்மா மருந்தை சிரிஞ்சில் ஏற்றினாள். அக்காவின் இடது கையைப் பிடித்தாள். அந்தக் கை மூன்று வாரத்தில் நன்றாகத் தேறியிருந்தது. சாதாரணக் கை மாதிரியே இருந்தது. அம்மா ஊசியைக் கிட்டே கொண்டுபோய்விட்டு நிறுத்திவிட்டாள்.

"என்னால ஆகாது. நீ போடுடா."

நான் அதுவரைக்கும் யாருக்கும் ஊசி போட்டதில்லை. கையை நீட்டினேன், வாங்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று பேர் நிற்கிறோம், ஒருத்தரும் கிட்டே போகவில்லை. அக்கா ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தாள். அப்புறம் சிரிஞ்சைத் தானே வாங்கி, தன் கையில் தானே குத்திக்கொண்டாள். பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"மணி எட்டாச்சு. டிபன் பாக்ஸ் கட்டியாச்சாம்மா?"

பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை ஒப்பிக்கிறான் என்று அவள்தான் சொன்னாள். பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கை தடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. நான் பார்ப்பது அவளுக்கும் தெரிந்தது. முந்தானையை எடுத்து அந்தக் கையைச் சுற்றிவிட்டாள். பஸ் வந்தது. கம்பியை வலது கையால் பிடித்து ஏறினாள்.